சாய்ந்த கீறல்

அந்த அலுவலகத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. எந்தப் பொருளைப் பார்க்கிறார்களோ அதுதான் பேர். பூட்டு, தாழ்ப்பாள், கீல் எல்லாம் பார்ப்பவர் பூட்டுக்காரர். குடை பார்ப்பவர் குடைக்காரர். அவர் ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்துவிட்டால் மூன்று மாடிக்கும் அன்று பொழுது போய்விடும். அவள் பார்த்தது கனெக்டர்கள். ஒரு கம்பியில் வரும் மின்சாரத்தை இன்னொரு கம்பிக்குக் கடத்துகிற, விரல் நகத்தைவிடச் சிறிய தகடுகள். அதிலும் ஸ்பிரிங் போல எகிறி அழுத்திப் பிடிக்கிற வகை முழுக்க அவள் தலையில்தான். ஆகவே கனெக்டரக்கா.

முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வேறொரு பேர் உண்டு. எங்கேயோ பார்த்தக்கா. எந்த விண்ணப்பத்தைப் பிரித்தாலும் முதலில் அவள் வாயில் வருவது, "இதை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்பதுதான்.

அது காப்புரிமை அலுவலகம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன், இனி என்னைக் கேட்காமல் வேறு யாரும் இதைச் செய்யக்கூடாது என்று படமும் விளக்கமுமாக எழுதி அனுப்புவார்கள். அது நிஜமாகவே புதிதா, இல்லை இதற்கு முன் உலகத்தில் எங்காவது யாராவது செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது பரிசோதகர் வேலை. நம்பாமல் இருப்பதற்கு மாதச் சம்பளம். அவளுக்கு அது பிறவியிலேயே இருந்தது. சம்பளம் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது.

பால் பாக்கெட்டை முகர்ந்துதான் வாங்குவாள். இலவசம் என்று எழுதியிருந்தால் அந்த சோப்பைத் தொடமாட்டாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், படியிறங்கிவிட்டுத் திரும்ப ஏறிவந்து ஒரு தடவை இழுப்பாள். டாக்டர் "ஒண்ணுமில்லை" என்று சொன்னால் இன்னும் பயந்துபோவாள். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில், வந்தவர்களைப் பற்றி அவள் விசாரித்த விசாரிப்பில் அவர்களுக்கே தங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்படியே வயதும் ஏறிவிட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் போனது ஒரு ஸ்விட்ச் தொழிற்சாலைக்கு. வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணிப் பொத்தான் அங்கே தயாரானது. மூடி போடுவதற்கு முன்னால் உள்ளேயிருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். எதிரே பல்பு எரிந்தால் வலதுபக்கத் தட்டில் போடவேண்டும், எரியாவிட்டால் இடதுபக்கம். நாள் முழுக்க அதுதான். இன்றைக்கும் அவளுடைய வலது கட்டைவிரல் இடதைவிடத் தடிமன். சாயந்திரங்களில் படித்து டிப்ளமா வாங்கினாள், பரீட்சை எழுதினாள், இந்த அலுவலகத்துக்கு வந்தாள். தங்கையையும் படிக்கவைத்தாள். அதன்பிறகு அந்தத் தொழிற்சாலை மூடிப்போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, நினைத்துப் பார்த்ததும் இல்லை.

தங்கைக்கு வந்த மாப்பிள்ளையை மட்டும் அவளால் விரட்ட முடியவில்லை. அவர் கம்பி முனையில் மாட்டுகிற டெர்மினல் செய்கிற தொழிற்சாலையில், டூல் ரூமில் தகடு அடிக்கும் அச்சான டை வெட்டுகிறவர். அவள் அந்தத் தொழிற்சாலை வாசலில் எதிர்க்கடை நிழலில் நின்று, அவர் யாரோடு வெளியே வருகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பலநாள் பார்த்தாள். ஒருநாள் அவர் நேராக அவளிடமே வந்து, "அக்கா, வெயில்ல நிக்காதீங்க. நாளைக்கு நான் ஓவர்டைம், லேட்டாதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் என்ன செய்வது? கல்யாணத்தை நடத்திவைத்தாள். "அக்கா என்னைத் தேடிப் பார்த்து, தடை ஒண்ணுமில்லன்னு அனுமதி குடுத்துட்டாங்க" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவளுடைய வீட்டிலேயே மூன்று பேரும் இருந்தார்கள். இரண்டாவது மாடி, இரண்டு அறை, ஒரு கூடம். வீட்டோடு மாப்பிள்ளை என்று டூல் ரூமில் அவரைக் கிண்டல் செய்வார்கள். அதை வீட்டில் வந்து சொல்லமாட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் மட்டும் பேச்சு குறைவாக இருக்கும். தங்கைக்கு அது தெரியும். அக்காவுக்கும் தெரியும் என்பது தங்கைக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரு பழக்கம். படத்தைப் பார்த்து மட்டும் ஒரு தகடு அவளுக்குப் புரியாது. கையால் மடித்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம்கூட வெளியே போகக்கூடாது. விண்ணப்பங்கள் வெளியாகும் வரை மூடி வைத்த ரகசியம். அவளும் காகிதம் எதையும் கொண்டுபோனதில்லை. வீட்டுக்கு வந்து, பிஸ்கட் டப்பா அட்டையோ பழைய காலண்டர் அட்டையோ எடுத்து, தையல் டப்பாவில் இருக்கும் கத்தரிக்கோலால், மனதில் இருக்கிறபடி வெட்டி மடிப்பாள். மனதில் இருப்பது காகிதம் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அடுத்தவர் இப்படிச் சமாதானம் சொல்லியிருந்தால் ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டாள்.

அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு விண்ணப்பம் வந்தது. ஒரு தகட்டு நாக்கு, அதற்குப் பின்னால் முட்டு மாதிரி வளைந்த சின்ன விரல். நாக்கை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் அந்த முட்டில் போய் இடித்து நின்றுவிடும், வளைந்து கெட்டுப்போகாது. தேடினாள் தேடினாள், கனெக்டர் அலமாரி முழுக்கத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "இதை எங்கேயும் பார்த்ததில்லை" என்று அவள் சொன்னபோது பூட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே விட்டார்.

"அக்கா, உடம்புக்கு எதுவும் இல்லையே?"

"நிஜமாவே புதுசு."

"குடைக்காரரே, இங்க வாங்க. அக்கா ஒண்ணை நம்பிட்டாங்க!"

அனுமதிக் கடிதம் தயாரானது. கையெழுத்துக்குப் போகவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் இன்னொரு விண்ணப்பம் அவள் மேசைக்கு வந்தது.

பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது கம்பெனியின் பேர். மாப்பிள்ளையின் தொழிற்சாலை. அடுத்தவர் கொடுக்கிற படத்துக்குச் செய்துகொடுக்கிற இடம் அது, சொந்தமாக எதற்கும் விண்ணப்பம் போட்டதே இல்லை. உறவுக்காரர் வேலை செய்யும் கம்பெனி ஃபைல் என்றால் அன்றைக்கே பிரிவுத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அது விதி. அவள் கையும் மூடத்தான் போனது. அதற்குள் படத்தைப் பார்த்துவிட்டாள்.

அதே நாக்கு. அதே முட்டு. நாக்கின் நடுவில் ஒரு கீறல். நேராக இல்லை, கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அந்தக் கீறல் முதல் விண்ணப்பத்தில் கிடையாது. அது அவள் போட்டது. அட்டை முரடு, தகடு மாதிரி வளைந்து கொடுக்காது என்பதால், நாக்கின் நடுவில் கத்தரிக்கோலால் சாய்வாக ஒரு கீறு கீறிவிடுவாள். முதல் விண்ணப்பத்துக்காகக் கூடத்து மேசையில் உட்கார்ந்து செய்த அட்டையில் இருந்த கீறல், இப்போது அச்சடித்த படமாக அவள் முன்னால் இருந்தது.

எப்போதும் வாயில் வருகிற வாசகம் அன்றைக்கு வரவில்லை. எங்கே பார்த்தோம் என்று யோசிக்கவேண்டிய தேவையே இல்லையே. என் வீட்டு மேசையில் பார்த்தேன் என்று மனம் அடித்துச் சொல்லியது.

விளக்கத்தையும் படித்தாள். கீறல் சாய்ந்திருப்பதால் நாக்கு அழுந்தும்போது நுனி லேசாகத் திரும்பி, எதிர்த்தகட்டில் படிந்திருக்கும் அழுக்கைச் சுரண்டிவிடும் என்று எழுதியிருந்தார்கள். திருடின சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். ஏன் சாய்வு என்று தெரியாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஃபைலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இழுப்பறையில் அடியில் வைத்தாள். இது வெளியே தெரிந்தால் ரகசியத்தை வெளியே விட்டதற்கு அவள் வேலை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாப்பிள்ளை திருடர் என்றால் தங்கையின் வாழ்க்கை என்ன ஆவது? யாரிடம் சொல்வது, என்ன சொல்வது? முதலில் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் பரிசோதனை தொடங்கியது.

சந்தேகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எல்லாம் அந்த நிறத்தில்தான் தெரியும். மாப்பிள்ளை புது செருப்பு போட்டிருந்தார். ஏது புது செருப்பு? போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசினார். கூடத்தில் பேசினால் என்ன? முன்பெல்லாம் சாப்பிடும்போது டை உடைந்தது, தகடு கிழிந்தது என்று ஏதாவது சொல்வார். இப்போது சொல்வதில்லை. மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் அவர் மேசையிலிருந்த அட்டை மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், அவள் பார்ப்பதைக் கண்டு சட்டென்று வைத்துவிட்டதும் இப்போது ஞாபகம் வந்தது. அப்போது அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. இப்போது படமாக ஓடியது.

அவளுடைய தொழிலில் எல்லோரையும் எச்சரிக்கிற ஒரு தப்பு உண்டு. புதிய பொருளின் படத்தைப் பார்த்துவிட்டுப் பழைய படங்களைப் பார்த்தால், அதிலெல்லாம் இது ஏற்கெனவே இருக்கிற மாதிரியே தெரியும். விடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவளே இதைப் பாடமாக எடுத்திருக்கிறாள். அலுவலகத்தோடு அந்தப் பாடம் நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது அதையும் வாசலில் விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

ஒருநாள் மாப்பிள்ளை குளிக்கப் போனபோது அவருடைய பையைத் திறந்து பார்த்தாள். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, எண்ணெய்க் கறை படிந்த கையுறை. மூடிவிட்டாள். இன்னொரு நாளும் பார்த்தாள். கையுறைதான் மாறியிருந்தது.

"அக்கா, என்ன தேடுற?" என்று தங்கை கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. கத்தரிக்கோல்."

"கத்தரிக்கோல் எப்பவும் இருக்கற இடத்துல இருக்கு. நீதான் இருக்கற இடத்துல இல்ல."

கடைசியில் ஒரு பொறி வைத்தாள். பைத்தியக்காரத்தனமான ஒரு மாதிரியை வெட்டினாள். நாக்கில் மின்னல் கோடு மாதிரி கோணலாக ஒரு கீறல், பின்னால் ஒன்றுக்கு இரண்டு முட்டு. எந்தப் புத்தியுள்ள மனுஷனும் தகட்டில் இப்படிச் செய்யமாட்டான். அதைக் கூடத்து மேசையில், செய்தித்தாளுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் காலையில் செய்தித்தாள் இருந்தது. அட்டை இல்லை.

குப்பைக்கூடையைக் கிளறினாள். முட்டை ஓடும் வெங்காயத் தோலும்தான்.

"மாப்பிள்ளை, இங்க ஒரு அட்டை இருந்துச்சே, பார்த்தீங்களா?"

"எந்த அட்டைக்கா?"

"நான் வெட்டி வச்சது."

"வீடு பூரா நீங்க வெட்டி வச்சதுதான். எதுன்னு சொல்றது?" சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தச் சிரிப்பும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

அன்று சாயந்திரம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டேவிட்டாள்.

"உங்க கம்பெனில புதுசா ஒரு டெர்மினல் செய்யறீங்களா?"

அவர் கை தட்டில் அப்படியே நின்றது. "ஏன்க்கா?"

"கேட்டேன்."

"நீங்க சும்மா எதையும் கேக்கறவங்க இல்லையே." கையைத் தட்டின் ஓரத்தில் துடைத்தார். "ஓ. அதான் என் பையைத் திறந்து திறந்து மூடினீங்களா?"

"நான் எங்க திறந்தேன்?"

"நான் ஜிப்பை எப்பவும் பாதிதான் மூடுவேன். குளிச்சுட்டு வந்து பார்த்தா முழுசா மூடியிருக்கும். இந்த வீட்ல அவ்வளவு ஒழுங்கான கை யாருது?"

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து சமையலறை வாசற்படியில் நின்றாள். "என்னது? பையைத் திறந்தியா?"

திறந்தது திறந்தாகிவிட்டது என்று அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சாய்ந்த கீறல், அட்டை, அது படமாக வந்தது. சொல்லக்கூடாத ரகசியம் என்பதுகூட அப்போது ஞாபகத்தில் இல்லை.

மாப்பிள்ளை கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதுக்கு டை வெட்டினது நான்தான். டிசைன் ரூம்லேந்து படம் வந்துச்சு, வெட்டினேன். உங்க அட்டையும் பார்த்தேன். அதே கீறல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம கம்பெனி படம் அக்கா கைக்குப் போயிடுச்சு போல, வீட்ல வச்சு வெட்டிட்டு இருக்காங்க, வெளிய தெரிஞ்சா அவங்களுக்கு ஆபத்தாச்சேன்னு நினைச்சேன். அதான் அன்னிலேருந்து சாப்பாட்டுல வேலையப் பத்திப் பேசறதை விட்டுட்டேன். உங்களுக்குச் சங்கடம் வேணாம்னு."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சந்தேகப்படறது உங்க வேலை, அக்கா. அதை நான் தப்பு சொல்லலை. ஆனா நான் உங்க மேசைக்கு வந்த ஃபைல் இல்ல." எழுந்து கை கழுவினார். தங்கையைப் பார்த்து, "வேற வீடு பார்த்துக்கலாம். மாசக் கடைசிக்குள்ள" என்றார். கிண்டல் செய்யும் டூல் ரூம்காரர்களிடம்கூடக் காட்டாத முகம் அது.

தங்கை அவரையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று அக்காவின் அறைக்குள் போனாள். அங்கே இருந்தது பெரிய பழைய ஜன்னல். ஒருகாலத்தில் கீழே லாரி போனாலே கடகடவென்று ஆடும். தங்கை சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரலை விட்டு எதையோ பிடுங்கினாள். பிடுங்கிய உடனேயே ஜன்னல் ஆடத் தொடங்கியது.

"இந்தா, உன் காணாமப்போன ரகசியம்!" கூடத்து மேசையில் கொண்டுவந்து வீசினாள். மின்னல் கோடு போட்ட அட்டை. "இது உன் ஜன்னல்ல. ஒண்ணு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி. ஒண்ணு அலமாரிக் கதவுக்கு. அந்தக் கதவு தானா திறக்குதுன்னு நீதானே கத்துவ? நீ வெட்டி வச்சது எல்லாம் மடிச்சா எகிறி எகிறி நிக்குது. இடுக்குல செருகினா கப்புன்னு பிடிச்சுக்குது. உனக்கு ஒரு சத்தம் ஆகாது, தூங்கமாட்ட. வருஷக்கணக்கா நான்தான் ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துச் செருகறேன். ஜன்னல் ஆடாம இருக்கே, எப்படின்னு ஒருநாளாவது சந்தேகப்பட்டியா? அதுக்கு மட்டும் உனக்குச் சந்தேகம் வரலையே!"

கூடத்திலும் சமையலறையிலும் போய்ப் பிடுங்கிப் பிடுங்கிக் கொண்டுவந்து போட்டாள். மேசையில் அட்டைக் குவியல். வீடு முழுக்க ஒவ்வொரு மூலையிலும் கதவும் ஜன்னலும் தாளம் போட்டன.

அவள் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு அட்டையை எடுத்தாள். காலண்டர் அட்டை. நடுவில் சாய்ந்த கீறல். இன்னொன்றை எடுத்தாள். அதிலும் சாய்ந்த கீறல். எல்லாமே வெவ்வேறு ஃபைல்கள், வெவ்வேறு நாக்குகள். ஒரு அட்டை, கடையில் வருவதே நின்றுபோன ஒரு பிஸ்கட்டின் டப்பா. தங்கைக்குக் கல்யாணம் ஆகாத காலத்தில் வாங்கிய பிஸ்கட் அது. மாப்பிள்ளை இந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதற்கு முன்னால் வெட்டியது. அதிலும் அதே கீறல், அதே சாய்வு.

"ஏன் இப்படிக் கோணலாவே கீறற?" என்றாள் தங்கை. கோபம் வடிந்து மூச்சு வாங்கியது. "நேராக் கீறினாலும் வளையும்ல?"

ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை அப்படித்தான் போகும். எப்போதும் அப்படித்தான் போயிருக்கிறது.

"இதை எங்கேயோ பார்த்திருக்கேன்" என்றாள் அவள், மெதுவாக. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வலது கட்டைவிரலால் ஒரு அட்டை நாக்கை அழுத்தினாள். அடியில் முட்டு தட்டி நின்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். டக். விரலுக்கு அந்த டக் தெரிந்தது. எதிரே பல்பு எரியவேண்டும் என்று கண் தானாக நிமிர்ந்தது.

மணிப்பொத்தான். உள்ளே ஒரு வெண்கலத் தகடு. நடுவில் சாய்ந்த கீறல், அடியில் முட்டு. எத்தனை வருஷம் அதை அழுத்திக்கொண்டிருந்தாள். அதைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் தேடியிருக்கிறாள்.

மறுநாள் அலுவலகத்தில், இழுப்பறையின் அடியிலிருந்து ஃபைலை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவர் முன்னால் போய் நின்றாள். தங்கை வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்றாள். அட்டை வெட்டுவதையும் சொன்னாள். நேற்றுச் சாயந்திரம் வாய்விட்டதையும் சொன்னாள்.

"ஏம்மா, உறவுக்காரர் கம்பெனி ஃபைல் இத்தனை நாள் உங்க இழுப்பறையில தூங்குச்சா?"

"அது தூங்குச்சு சார். நான்தான் தூங்கலை."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விளக்கம் கேட்டு எழுத்தில் வரும், பதில் எழுதிக் கொடுங்கள், இந்த வருஷம் பதவி உயர்வை மறந்துவிடுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். கதவருகே போனபோது, "அட்டை வெட்டறதா இருந்தா இங்கயே உக்காந்து வெட்டுங்க. கத்தரிக்கோல் நான் வாங்கித் தரேன்" என்றார்.

ஃபைல் பூட்டுக்காரருக்குப் போனது. அவள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கனெக்டர்ல தேடாதீங்க. மணிப்பொத்தான்ல தேடுங்க."

"மணிப்பொத்தானா? அது என் பக்கத்து அலமாரியாச்சே. தூசிதான் இருக்கும்."

தூசியோடு பழைய காகிதம் ஒன்றும் இருந்தது. அவர் ஊதிக்கொண்டே வந்து அவள் மேசையில் விரித்தார். கையால் வரைந்த படம். நாக்கு, முட்டு, சாய்ந்த கீறல். நுனி திரும்பி அழுக்கைச் சுரண்டும் என்று பழைய எழுத்து நடையில் காரணமும் போட்டிருந்தது. ஆக, பொத்தான் தைத்தது அவர்கள் இல்லை. சட்டையோடு வந்த பொத்தான்தான்.

"அக்கா," என்றார் பூட்டுக்காரர், "இத்தனை வருஷமா சொல்லிட்டே இருந்தீங்க. கடைசில ஒண்ணை நிஜமாவே எங்கேயோ பார்த்திருக்கீங்க."

மாப்பிள்ளையின் கம்பெனி விண்ணப்பம் அதோடு படுத்துவிட்டது. அது மட்டுமா? உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்று அவள் நம்பிய முதல் விண்ணப்பமும் அதே காகிதத்தில் அடிபட்டது. கையெழுத்துக்கு வைத்திருந்த அனுமதிக் கடிதத்தை அவளே வாங்கிக் கிழித்துப் போட்டாள். வாழ்நாளில் ஒன்றை நம்பினாள், அதுவும் இப்படி ஆனது. கம்பெனி டிசைன் ரூமில் யார் எந்தப் பழைய பொத்தானைக் கழற்றிப் பார்த்தார்களோ, இல்லை அவர்களுக்கே தோன்றியதோ, அது அவளுக்குத் தெரியப்போவதில்லை. தெரியாது என்பது அவளை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

வீட்டில் யாரும் அட்டைகளைத் திரும்பச் செருகவில்லை. காற்று வந்தால் ஜன்னல் ஆடியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொண்டு நின்றது. தங்கை இரண்டு இடத்தில் வீடு பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றில் தண்ணீர் வராதாம், இன்னொன்றில் வெளிச்சம் இல்லையாம். சொல்லும்போது அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை பேசினார். பேசாமல் இருக்கவில்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க, மழை வரும்போல இருக்கு, அவ்வளவுதான். ஒருநாள் அவர் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் போய் நின்றாள். மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் வாயில் பழக்கம் இல்லை. அலுவலகத்தில் எழுதுகிற மாதிரிதான் வந்தது.

"உங்களைப் பத்தித் தேடினதுல எதுவும் அகப்படலை, மாப்பிள்ளை."

அவர் திரும்பிப் பார்த்தார். "நல்லாத் தேடினீங்களா?"

"தேடியிருக்கவே கூடாது."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் இறங்கிப் போகிறவர் கீழ்ப்படியில் நின்று, "கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசி வந்தது. அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்கு வந்தபோது பெட்டிகள் கட்டியிருக்குமோ என்று மாடி ஏறும்போதே காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். அவள் அறையிலிருந்துதான் சத்தம் வந்தது. மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னல் சட்டத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தங்கை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யறீங்க?"

"அட்டை எத்தனை நாளைக்கு நிக்கும்? நமுத்துப் போயிடும். டூல் ரூம் கழிவுல தகடு கிடந்துச்சு. சொல்லிட்டு, சீட்டு வாங்கிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்." சீட்டு என்பதை அழுத்திச் சொன்னார். ஜன்னலை உலுக்கிக் காட்டினார். அசையவில்லை. "இது நாங்க கிழவன் கிழவி ஆகற வரைக்கும் நிக்கும்."

நாங்க என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். தங்கையும் கேட்டாள். அவசர அவசரமாக டீ போடச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"மிச்சம் ஒண்ணு இருக்கு. அலமாரிக்கு நீங்களே வச்சுக்குங்க" என்று ஒரு தகட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அவரும் கூடத்துக்குப் போனார்.

மடித்த வெண்கலத் தகடு, நல்ல பளபளப்பு. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். நன்றாக எகிறியது. வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், மறுபடி திருப்பினாள். நாக்கு நடுவில் வழவழவென்று இருந்தது. கீறலே இல்லை.

அலமாரிக் கதவின் இடுக்கில் அதைச் செருகினாள். கதவு கப்பென்று நின்றது. கூடத்தில் கரண்டி விழுந்ததும், மாப்பிள்ளை ஏதோ சொல்லித் தங்கை சிரித்ததும் கேட்டது. டீ வாசனை வந்தது. அவளும் போகத்தான் கிளம்பினாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று அந்தத் தகட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கழிவுத் தொட்டியில் எல்லா வகையும்தானே கிடந்திருக்கும். கீறல் இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாரோ?